மருமகனின் குடும்பப் பெயர் ‘கிங்’. அவருடைய பிரெஞ்சுக் கனேடிய முன்னோர்களை எப்படித் தேடுவது?

மருமகன் மாசசூசெட்ஸ்காரர், அவருடைய கொள்ளுத்தாத்தா கியூபெக்கிலிருந்து லோவெல் பஞ்சாலைக்கு வேலைக்கு வந்தவர், வீட்டில் பிரெஞ்சுதான் பேசினார்கள், ஆனால் கியூபெக் பதிவுகளில் ‘கிங்’ என்று ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கமாட்டார்கள். அந்த கிங் பெரும்பாலும் ‘ருவா’. ருவா என்றால் ராஜா. 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய 9 லட்சம் பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குப் போனார்கள், போன இடத்தில் பலருடைய பெயர் அப்படியே ஆங்கிலமானது. லெப்லான் ‘வைட்’ ஆனார், புவாவேர் ‘கிரீன்வுட்’ ஆனார்.

சரி, ருவா என்று தேடினால் முடிந்ததா? இல்லை, சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

நான் மொன்றியலில் இருக்கிறேன், கல்யாணம் செய்துகொண்டது ஒரு கியூபெக்காரரை. மாமியாரின் பாட்டி வழியில் ‘போலியூ’ என்றொரு குடும்பம் (போலி இல்லை, ‘அழகான இடம்’ என்று அர்த்தம்). ஒரு மாதம் உட்கார்ந்து தேடினேன். 1800களில் ஊர் நிறைய போலியூ, பின்னால் போகப் போக ஆளே இல்லை. கடைசியில் பார்த்தால் மூலப்பெயர் யூதோன். பழைய பதிவில் ‘யூதோன் தி போலியூ’ என்று இருக்கிறது. ‘தி’ என்றால் ‘எனப்படும்’, அவ்வளவுதான். 1665இல் பிரான்சின் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவோடு ஏறக்குறைய 1,200 சிப்பாய்கள் வந்தார்கள், அவர்களில் 400 பேர் போல இங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர்: லாஃப்ளெர் (பூ), சான்சூசி (கவலையில்லாதவன்). நம் ஊரில் ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரிதான், ஆனால் இங்கே அது பிள்ளை பேரன் வரை இறங்கியது. ஒரு மகன் பழைய பெயரை வைத்துக்கொள்வான், அவன் தம்பி பட்டப்பெயரைப் பிடித்துக்கொள்வான். இங்கே மூலைக்கு மூலை தெஜார்தான் கூட்டுறவு வங்கி இருக்கிறது இல்லையா, அதை 1900இல் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தெஜார்தானின் அப்பா பதிவில் ‘ருவா தி தெஜார்தான்’, அம்மா ‘மிவீல் தி தெஷேன்’. ஆகவே உங்கள் கிங்கின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் இன்றைக்கு தெஜார்தான் என்ற பெயரிலும் இருக்கலாம்.

அதனால் பெயரைத் துரத்தாதீர்கள், கல்யாணப் பதிவைத் துரத்துங்கள். கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் திருமணப் பதிவேட்டில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய பெற்றோர் பெயரும் வழக்கமாக இருக்கும், அதுவும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு. இங்கே பெண்கள் சாகும் வரை பதிவுகளில் பிறந்த பெயரில்தான் இருப்பார்கள் (1981 முதல் அதுதான் சட்டமும், கல்யாணம் ஆனாலும் கணவர் பெயருக்கு மாற முடியாது, இனிஷியலோடு வந்த எனக்கு அது ஒரு நிம்மதி). ஒரு கல்யாணத்தைப் பிடித்தால் இரண்டு பக்கத்துப் பெற்றோர், அப்புறம் அவர்களுடைய கல்யாணம், இப்படியே 1600கள் வரை ஏறிவிடலாம். ஒரு இடத்தில் மட்டும் வழுக்கும்: மறுமணமாக இருந்தால் பெற்றோருக்குப் பதிலாக, இறந்துபோன முதல் துணையின் பெயரை மட்டும் சாமியார் எழுதியிருப்பார். முதல் கல்யாணத்தைத் தேடிப் போங்கள்.

ஞானஸ்நானப் பதிவை நம்பி மட்டும் இறங்காதீர்கள். பையன் என்றால் முன்னால் ஒரு ஜோசஃப், பெண் என்றால் ஒரு மரி, அநேகமாக எல்லோருக்கும். எங்கள் வீட்டு மரத்தில் ஒரு தாய்க்கு ஐந்து ‘மரி’. கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும்.

எங்கே பார்ப்பது? துரூவேன் நிறுவனத்தின் மைக்ரோஃபிலிம் தொகுப்பு, 1940கள் வரைக்குமான பதிவேடுகள் அதில் இருக்கின்றன, இணையத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். 1800க்கு முந்தியதற்கு மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்றுத் தரவுத்தளம். தாங்கே பாதிரியாரின் ஏழு தொகுதி வம்சாவளி அகராதி (1871 முதல் 1890 வரை வந்தது) இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதில் பிழைகள் உண்டு, மூலப்பதிவோடு ஒப்பிடாமல் எதையும் எடுக்காதீர்கள். இணையத்தில் யாரோ போட்டுவைத்த குடும்ப மரங்களும் அப்படித்தான், நான் அதில் ஒன்றை நம்பித்தான் அந்த ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

கொள்ளுத்தாத்தாவின் கல்யாணம் லோவெலில் நடந்ததா, கியூபெக்கிலா? முதலில் அதைக் கேளுங்கள். லோவெல் என்றால் நகராட்சிப் பதிவை விட்டுவிட்டு அங்கிருந்த பிரெஞ்சுக் கோயிலின் பதிவேட்டைப் பாருங்கள். குமாஸ்தா கிங் என்று எழுதிய அதே ஆளை, பிரெஞ்சு பேசும் சாமியார் ருவா என்றுதான் எழுதியிருப்பார்.