வரப்பில் வளை தோண்டுவது அணில்தானா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி அரை ஏக்கர் நெல்வயல் இருக்கிறது. வரப்பெல்லாம் வளையாகி, பாய்ச்சிய தண்ணீர் அடுத்த வயலுக்கு வடிந்துவிடுகிறது. பகலில் அங்கே அணில்கள் ஓடுகின்றன. அமெரிக்காவில் வளை அணில்களை நச்சுவாயு மாத்திரை போட்டு ஒழிப்பதைக் காணொளியில் பார்த்தேன். நாமும் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அணிலின் மேல் பழி போட வேண்டாம். கலிபோர்னியாவில் பண்ணைகளைத் துளைக்கும் தரை அணில் வேறு இனம். அது பகலில் நடமாடும், ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும், குளிர்காலத்தில் வளைக்குள் உறங்கிவிடும். முதுகில் மூன்று கோடுள்ள நம் அணில் மரக்கிளையிலும் கூரை இடுக்கிலும் கூடு கட்டுமே தவிர, வரப்பைத் தோண்டாது. வளை வாயில் புதுமண் குவிந்தும், வாய் மண்ணால் அடைபட்டும் இருந்தால் அது இரவில் நடமாடும் வயல் எலியின் வேலை. கருவுற்று மூன்று வாரத்தில் குட்டி போட்டு, தீனி கிடைக்கும் வரை ஆண்டு முழுவதும் பெருகக்கூடியது அது. கதிர்களை அறுத்து வளையின் உள்ளறைகளில் சேர்த்தும் வைக்கும்.

மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள அலுமினியம் பாஸ்பைடு ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். அந்த வாயு மண்வெடிப்பு வழியே வீட்டுக்குள் புகுந்தால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நம் நாட்டில் அதற்குக் கட்டுப்பாடும் உண்டு.

மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். எலி குடியிருப்பது அவற்றில்தான். அறுவடை முடிந்து, மேட்டூர் அணை திறப்பதற்கு முன் வயல் காய்ந்து கிடக்கும் கோடையில், எலிகள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கும். அப்போது பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் வளைகளை வெட்டிப் பிடிப்பதுதான் பலன் தரும். நீங்கள் மட்டும் செய்தால் அடுத்த வரப்பிலிருந்து குடிவந்துவிடும். வரப்பை அகலமாக விடாமல் ஒடுக்கி வெட்டிக் களை நீக்கினால் வளை போட இடம் குறையும். பயிர் நிற்கும்போது, மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வைக்கலாம். கதிர் வந்த பின் வைக்கும் நச்சுத்தீனியை எலி பெரும்பாலும் சீண்டாது. வயலிலேயே நெல் இருக்கும்போது அதற்கு வேறு தீனி எதற்கு?

வயலில் பறவை தாங்கிகள் நட்டால் இரவில் கூகை வந்து அமரும். அபசகுனம் என்று அதை விரட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், எலிகளுக்குத்தான் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது.

வீட்டுச் சுவரோரம் பெரிய வளை இருந்தால் அது பெருச்சாளியாக இருக்கலாம். கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து அடைத்து, வைக்கோல் போரைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுமாகையால், செத்த எலியை வெறுங்கையால் எடுக்காமல் கையுறையோடு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். காலில் புண் இருக்கும்போது எலி நடமாடும் வயல் சேற்றில் இறங்காதீர்கள்.