ஆலப்புழா தாண்டினதும் படகோட அவுட்போர்ட் (பின்னாடி மாட்டுற இன்ஜின்) சூடாகுது, அலாரம் அடிக்குது

தண்ணி உறிஞ்சுற ஓட்டையில ஆகாயத்தாமரை வேர் அடைச்சிருக்கும் பெரும்பாலும், மெக்கானிக்கைத் தேடி ஓட வேணாம்.

வேம்பநாட்டுக் காயல்ல இருக்கிற தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடியிருக்கிற மாசத்துல உப்புத்தண்ணி ஏறாது, அதுக்குத் தெக்கே உப்புல சாகுற அந்த ஆகாயத்தாமரைச் சனியன் பாய் விரிச்ச மாதிரி மண்டிடும்.

1. இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை படகுல கூட வர்ற உங்க வீட்டுக்காரம்மா கையில குடுத்துட்டு (விளையாட்டுக்குச் சொல்லல, விரல் போயிடும்), இன்ஜினைத் தூக்கி வேரெல்லாம் பிடுங்குங்க.
2. மறுபடி இறக்கி ஸ்டார்ட் பண்ணி, பின்னாடி தண்ணி பீச்சுதான்னு பாருங்க. வரலைன்னா ஆஃப் பண்ணிட்டு அந்தத் தண்ணி பீச்சுற துவாரத்துல மெல்லிசான கம்பி விடுங்க, சேறுகூட அடைச்சிருக்கலாம்.

அப்பவும் அலாரம் அடிச்சா ஓட்டவே ஓட்டாதீங்க, பம்புல இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற ரப்பர் சக்கரம்) தேஞ்சிருக்கலாம். கொல்லம்–கோட்டப்புரம் நீர்வழி 168 கிலோமீட்டரும் போறதா இருந்தா ஸ்பேர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க.