ஒரே ரேம், நாலு நோடு

கேள்வி: சார், எம்.இ. முதலாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு நியூமா மெமரியை எடுத்திருக்கிறேன், ஆனால் கையில் இருப்பது 8 ஜிபி ரேம் லேப்டாப் ஒன்றுதான். லினக்ஸ் கர்னலிடம் நாலு நோடு இருப்பதாகப் பாவனை காட்டச் சொல்லலாம் என்கிறார்கள். அதை வைத்து ப்ராஜெக்டை முடித்துவிடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அதில் வேகத்தை அளக்காதீர்கள்.

இரண்டு சாக்கெட் சர்வரில், அதாவது இரண்டு ப்ராசஸர் உள்ள சர்வரில், ஒவ்வொரு ப்ராசஸரின் பக்கத்திலும் அதற்கென்று ரேம் இருக்கும், தன் ரேமைச் சட்டென்று எட்டும், அடுத்தவர் ரேமுக்குப் போய்வரக் கூடுதல் நேரமாகும். இந்த அமைப்புதான் நியூமா, ஒரு ப்ராசஸரும் அதன் ரேமும் சேர்ந்தது ஒரு நோடு. ஏஎம்டி 2003-இல் ஆப்டெரானிலும் இன்டெல் 2008-இல் நெஹலெமிலும் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளேயே வைத்த பிறகு இது சாதாரண சர்வர்களுக்கும் வந்துவிட்டது.

கர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் 'நியூமா=ஃபேக்=4' என்று சேருங்கள். கர்னலில் நியூமா எமுலேஷன் சேர்த்துக் கம்பைல் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. நடந்தால் உங்கள் 8 ஜிபி ஏறக்குறைய இரண்டிரண்டு ஜிபியாகப் பிரிந்து, கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் 'ஃபேக்கிங் நோடு' என்று நாலு வரி வரும்.

கர்னலைப் பொறுத்தவரை இது வெறும் பெயர்ப்பலகை இல்லை. ஒவ்வொரு நோடுக்கும் தனி ஃப்ரீ லிஸ்ட் (காலி இடப் பட்டியல்), தனி எல்ஆர்யூ (எது வெகுநாளாகப் பயன்படவில்லை என்ற பட்டியல்), தனி கேஸ்வாப்டி (இடம் குறையும்போது மெமரியைக் காலி செய்யும் கர்னல் வேலையாள்). ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் போட்டால் கேஸ்வாப்டி0 முதல் கேஸ்வாப்டி3 வரை நாலும் தெரியும். எந்த நோடின் மெமரி என்று சொல்லும் கட்டளையான நியூமாசிடிஎல்-இல் மெம்பைண்ட் கொடுத்து ஒரு ப்ரோகிராமை நோடு 1-இல் கட்டிப்போட்டு 3 ஜிபி கேளுங்கள். மற்ற நோடுகளில் இடம் காலியாகக் கிடக்கும்போதே ஸ்வாப் நிரம்பும், அப்புறம் மெமரி தீர்ந்தால் ப்ரோகிராமை நிறுத்தும் ஓஓஎம் கில்லர் வந்து அதைக் கொல்லும். மெம்பைண்டையே ப்ரிஃபர்ட் (முடிந்தால் இந்த நோடு) என்று மாற்றினால் மிச்சம் பக்கத்து நோடுகளுக்கு வழியும், நோடு கணக்கைக் காட்டும் நியூமாஸ்டாட்டில் நியூமா_மிஸ் (கேட்ட நோடில் கிடைக்காமல் வேறு நோடில் எடுத்தது) எண்ணிக்கை ஏறும். மெமரி பாலிசி எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ஒரு சோதனையிலேயே பார்த்துவிடலாம், நீங்கள் எழுதும் கோட் சரியா தப்பா என்பதும் தெரிந்துவிடும்.

கிடைக்காதது தூரம். நாலு நோடும் ஒரே ரேம், எல்லா சிபியூவும் எல்லா நோடிலும் பட்டியலாகும், நோடுகளின் தூரத்தைக் காட்டும் டிஸ்டன்ஸ் அட்டவணை முழுக்க 10 என்றே நிற்கும். நிஜ சர்வரில் தன் நோடுக்கு 10, அடுத்த நோடுக்கு 20 போல இருக்கும். அதனால் 'என் அல்காரிதம் இத்தனை சதவீதம் வேகம்' என்று இதில் அளந்த எண்ணை தயவுசெய்து ரிப்போர்ட்டில் போடாதீர்கள், அந்த எண் நியூமாவைப் பற்றி எதுவும் சொல்லாது.

நோடு அமைப்பை மாற்றிப் பார்க்க, கணினிக்குள் பாவனைக் கணினியை ஓட்டும் க்யூஎம்யூ நல்லது. எந்த சிபியூ எந்த நோடில், டிஸ்டன்ஸ் எவ்வளவு என்று நீங்களே சொல்லலாம், சிபியூவே இல்லாத, மெமரி மட்டும் உள்ள நோடும் வைக்கலாம். சிஎக்ஸ்எல் என்ற இணைப்பு வழியாகச் சேர்க்கும் கூடுதல் மெமரி லினக்ஸுக்கு அப்படித்தான் தெரிகிறது என்பதால் அதைக் கட்டாயம் சோதியுங்கள். ஆனால் அங்கேயும் 20 என்பது கர்னல் படிக்கும் ஒரு எண்தான், கீழே ஒரே ரேம் என்றால் நேரம் மாறாது. நேரத்தை அளக்க நிஜமான இரண்டு சாக்கெட் மெஷின் வேண்டும், ஒருநாள் வாடகைக்குக் கிடைத்தாலும் போதும்.

கேள்வி: பாவனை நோடு வைத்தால் ராஸ்பெர்ரி பை 5 வேகமாகிறது என்று படித்தேன். அது எப்படி?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்மைதான், 2024-இல் வந்த வேலை அது. அங்கே தூரத்துக்குச் சம்பந்தமே இல்லை. ரேமைப் பாவனை நோடுகளாகப் பிரித்து, பேஜ்களை (மெமரியின் சிறு துண்டுகளை) இன்டர்லீவ் முறையில் மாறி மாறி ஒவ்வொரு நோடிலிருந்தும் எடுக்கும்போது, கோரிக்கைகள் டிராமின், அதாவது ரேம் சிப்பின், பல பேங்க்குகளில் (தனித்தனியாக இயங்கும் பகுதிகளில்) பரவுகின்றன, ஒரே பேங்க்கில் வரிசை கட்டி நிற்பது குறைகிறது. முதல் கேள்வி கேட்ட வாசகியும் கவனிக்க வேண்டும்: இங்கே வேகம் கூடியது நிஜம், ஆனால் அது டிராம் பேங்க்கின் வேகம்.