வாசகர் கேள்வி – பதில்: திருமணமாகாத சகோதரிக்கும் அழைப்பு உண்டா?

கேள்வி: நான் நாற்பது வயதைக் கடந்த பள்ளி ஆசிரியை, திருமணமாகவில்லை. சபையில் யாருக்குத் திருமணம் நடந்தாலும், “அடுத்தது உனக்குத்தான்” என்று சொல்லி என் கையைப் பிடித்து ஜெபிக்கிறார்கள். பெண்ணை ஆணுக்குத் துணையாகவே தேவன் படைத்தார் என்றால், யாருக்கும் துணையாகாத என்னைக் குறித்து அவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறதா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கேள்வி ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் தொடங்குகிறது. வேதமோ முதல் அதிகாரத்தில் தொடங்குகிறது. “ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்” என்று 27ஆம் வசனம் சொல்லும்போது தேவசாயல் இருவருக்கும் ஒருசேரக் கொடுக்கப்படுகிறது. பெண் முதலில் மனைவியாகி, அதன்பின் அந்தச் சாயலைப் பெற்றதாக அங்கே எழுதியிருக்கவில்லை. பூமியைப் பராமரித்து ஆளும் பொறுப்பும் அடுத்த வசனத்தில் இருவரையும் நோக்கியே சொல்லப்படுகிறது. திருமணம் தேவன் தந்த நல்ல ஈவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மதிப்புக்கு அதுவே அஸ்திவாரம் என்று சொன்னால், வேதம் வைத்திருக்கும் வரிசையை நாமே தலைகீழாக்கியவர்கள் ஆவோம்.

இயேசுவின் காலத்திலும் இந்த எண்ணம் இருந்தது. கூட்டத்திலிருந்த ஒரு பெண், அவரைச் சுமந்த கர்ப்பமும் பாலூட்டிய மார்பும் பாக்கியமுள்ளவை என்று சத்தமிட்டதை லூக்கா 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தாய்மையைப் புகழும் இந்த வார்த்தையை எந்த மகனும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருப்பான். அவரோ, தேவனுடைய வார்த்தையைக் கேட்டு அதைக் காத்துக்கொள்கிறவர்களே அதிக பாக்கியவான்கள் என்று பதில் சொன்னார். மரியாளை அவர் தாழ்த்தவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுக் கீழ்ப்படிந்தவர்களில் அவரும் ஒருவர் அல்லவா? தம் தாயின் பாக்கியத்தையே கர்ப்பத்தைக் கொண்டு அளக்க அவர் சம்மதிக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

லூக்கா 8ஆம் அதிகாரத்தில் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவுக்கு ஊழியம் செய்த பெண்களின் பட்டியல் இருக்கிறது. யோவன்னாள் ஏரோதின் காரியக்காரனாகிய கூசாவின் மனைவி என்று சொல்லப்படுகிறது. மகதலேனா மரியாளுக்கும் சூசன்னாளுக்கும் கணவர் பெயர் இல்லை. அவர்கள் மணமானவர்களா என்று லூக்கா சொல்லவும் இல்லை. அந்த மகதலேனா மரியாளுக்கே உயிர்த்தெழுந்த கர்த்தர் முதலில் தரிசனமானார். சகோதரரிடத்தில் போய் அறிவிக்கும்படி அவரைத்தான் அனுப்பினார். கல்லறைக்குப் போய் வந்த பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சாக எண்ணினார்கள் என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். கேட்டவர்கள் நம்பாததால் அனுப்பினவரின் தெரிவு தவறாகிவிடவில்லை.

விவாகமில்லாதவள் கர்த்தருக்குரியவைகளைக் குறித்துக் கவலைப்படுகிறாள் என்று 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுவது குறையாக அல்ல, சலுகையாக. (அந்த அதிகாரத்தை நம் திருமண ஆராதனைகளில் யாரும் வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

உங்கள் மாவட்டத்தின் சபை வரலாறே இதற்குச் சாட்சி. 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற விதவையான குளோரிந்தா அம்மையாரின் முயற்சியால் எழுந்த பாளையங்கோட்டை ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. டோனாவூரில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயான ஏமி கார்மைக்கேல் அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலூரில் பெண்களுக்காக 1918இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் அப்படியே. ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைத் திண்டிவனத்தில் இளவயதில் கண்டதே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே ஒரு தயக்கமும் எனக்கு வருகிறது. ‘கணவன் இல்லாவிட்டால் ஒரு மருத்துவமனையாவது கட்டியிருக்க வேண்டும்’ என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், ஒரு சுமையை இறக்கி இன்னொன்றை ஏற்றியவன் ஆவேன். லூக்கா 13இல் பதினெட்டு வருடம் நிமிரக் கூடாமல் கூனியாயிருந்த ஒரு பெண் வருகிறாள். அவள் எதையும் சாதித்ததாக எழுதப்படவில்லை. சுகம் வேண்டும் என்று அவள் கேட்டதாகக்கூட இல்லை. ஓய்வுநாளில் அவளைச் சுகமாக்கியதற்காக ஜெப ஆலயத் தலைவன் கோபப்பட்டபோது, இயேசு அவளை எல்லோர் முன்னும் ஆபிரகாமின் குமாரத்தி என்று அழைத்தார். சுதந்தரத்துக்கு, அதாவது வாரிசுரிமைக்கு, பங்குள்ளவள் என்ற அந்தத் தகுதி, நிமிர்ந்த பிறகு அவள் சம்பாதித்தது அல்ல. கூனியிருந்த நாளிலும் அவளுக்கு அது இருந்தது. உங்கள் வகுப்பறை உங்கள் அழைப்பாக இருக்கலாம், அதை மனமுவந்து செய்யுங்கள். ஆனால் அதனால்தான் நீங்கள் மதிப்புள்ளவர் ஆகிறீர்கள் என்று எண்ணாதீர்கள்.

அடுத்த முறை கையைப் பிடிப்பவரிடம், “அக்கா, என் வகுப்புப் பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். திருமணத்தை நீங்கள் இன்னும் விரும்பினால் அதற்காக ஜெபிப்பதும் தவறல்ல. எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று முதலில் உங்களிடம் கேட்பதுதான் முறை.

கேள்வி: என் சம்பளப் பணம் முழுவதும் கணவர் கையில்தான். கேட்டால், “மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும்” என்ற எபேசியர் வசனத்தைக் காட்டுகிறார். சில நாட்கள் கையும் நீட்டுகிறார். பொறுத்துப்போவதுதான் தேவசித்தமா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை. அந்த வசனம் மனைவிக்கு எழுதப்பட்டது. கணவர் அதை எடுத்து மனைவியிடம் நிறைவேற்றிக்கொள்வது, பிறர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து அதிகாரம் செய்வது போன்றது. அவருக்கு எழுதப்பட்டது அதே ஐந்தாம் அதிகாரத்தின் 25ஆம் வசனம். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூர வேண்டும் என்று அது சொல்கிறது. இவ்விரண்டுக்கும் முன்பாகவே, ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று 21ஆம் வசனம் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. நீதிமொழிகள் 31இல் வரும் குணசாலியான ஸ்திரீ தன் சம்பாத்தியத்தைக் கொண்டு திராட்சத்தோட்டம் நடுகிறாள், நெய்ததை விற்கிறாள்; அவள் புருஷனோ அவளை நம்புகிறான்.

கை நீட்டுவது கீழ்ப்படிதல் பற்றிய விவாதத்தில் சேராது. அது பாவம், சட்டப்படி குற்றமும்கூட. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, பணத்தைப் பறித்துவைப்பதையும் வன்முறை என்றே கருதுகிறது. பெண்களுக்கான உதவி எண் 181. நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். உங்கள் போதகர், “ஜெபத்தில் பொறுத்துக்கொள்ளம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வேறொருவரிடம் போகத் தயங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு பெண்களும் ஒரு பையனும். “பெண்களுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, நிலம் பையனுக்குத்தான்” என்கிறார்கள் என் அண்ணன்மார். விசுவாசியாக நான் என்ன செய்வது? – வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன்பாக நின்று தங்கள் தகப்பனின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் பேசியது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். அவர்களுக்குச் சகோதரர் இல்லையே என்று உங்கள் அண்ணன்மார் கேட்கலாம். அப்படியானால் யோபு 42ஐ வாசிக்கக் கொடுங்கள். யோபுக்கு ஏழு குமாரர் இருந்தும், மூன்று குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார். குமாரத்திகளின் பெயர்கள் அங்கே இருக்கின்றன, குமாரரின் பெயர்கள் இல்லை.

உங்கள் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் உயில் இல்லாதபோது மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே கொடுத்தது. அந்தப் பழக்கம்தான் இன்னும் பேச்சில் தங்கியிருக்கிறது. கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் செல்லுபடியாவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே என்று தீர்ப்பளித்தது. அதன்படி உயில் இல்லாதபோது மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே, பெண்களை விலக்கி நீங்கள் உயில் எழுதாதவரை சட்டம் அவர்கள் பக்கமே இருக்கிறது. எழுதுவதானால் மூவருக்கும் சமமாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிடுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுவது நல்லது. எழுதிய விவரத்தை மகனிடம் இப்போதே, மகள்கள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.