ஒரு டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால்

இரட்டை ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு அச்சு) டிரெய்லரில் வலது பின் டயர் மட்டும் உள் ஓரத்தில் மொட்டையாகிவிட்டது, மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன, காற்றைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள். காற்று குறைவாக இருந்தால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஒரு ஓரம் மட்டும் போகிறது என்றால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது, அல்லது நேராக உருளாமல் இழுபடுகிறது.

முதலில் அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்தின் அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங், அது மாட்டியிருக்கும் இடத்தில் உள்ள புஷ் (தேய்மானத்தைத் தாங்கும் உறை), ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் எல்லாவற்றையும் பாருங்கள், அப்புறம் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அளவு சரியாக இருந்தால் என் சந்தேகம் ஸ்பிண்டில் மீதுதான், அதாவது ஆக்சிலின் முனையில் சக்கரம் சுழலும் தண்டு மீது. பெரிய பள்ளத்தில் ஒரு முறை இறங்கினாலே அது வளையலாம். அதிக எடையால் ஆக்சிலே நடுவில் தொய்ந்திருந்தால் பொதுவாக இரண்டு பக்கமும் உள் ஓரம் தேயும், உங்களுக்கு அப்படி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் தண்ணீர்த் தொட்டியும் சாமானும் ஒரே மூலையில் அழுத்திக்கொண்டிருக்கலாம். டிரெய்லர் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறையில் காட்டிச் சரிசெய்த பிறகே புது டயர் போடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் இதே மாதிரி போய்விடும்.