கடுமையானவரா, கண்டிப்பானவரா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஏழாவது படிக்கும் என் மகள் தமிழ்க் கட்டுரையில் ‘எங்கள் ஆசிரியர் மிகவும் கடுமையானவர்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து ‘கண்டிப்பானவர்’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே? கடுமை அவ்வளவு கெட்ட சொல்லா?

ர., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ர.,

கெட்ட சொல் இல்லை. ‘கடு’ அளவைச் சொல்கிற சொல். ஒன்று வழக்கத்தைவிட மிகுந்துபோனால் கடு. கடும் உழைப்பு என்றால் பாராட்டு, கடுஞ்சொல் என்றால் குறை. கடுங்காப்பியில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. பால் இல்லை, அவ்வளவுதான். வேகம் மிகுந்தாலும் இதே சொல்தான். இலங்கையில் எக்ஸ்பிரஸ் ரயிலைக் கடுகதி ரயில் என்கிறார்கள்.

கொடுமையோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான் சிக்கல். ‘கொடு’ என்றால் வளைந்தது. நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். அதில் பாராட்ட ஒன்றும் கிடையாது.

பேச்சில் நம் பக்கம் கடுமையைவிடக் கடுப்புதான் அதிகம் புழங்குகிறது. புதுச்சேரி பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்கிறோம், அது வலி. வந்த பஸ்ஸும் நிற்காமல் போனால் கடுப்பாகிறோம், அது எரிச்சல். காலில் இருந்தது தலைக்கு ஏறிவிடுகிறது.

சரி, ஆசிரியருக்கு வருவோம். கண்டிப்பு விதியைப் பற்றியது. வீட்டுப்பாடம் என்றால் வீட்டுப்பாடம்தான். அதைச் சிரித்துக்கொண்டேகூடச் சொல்லலாம். கடுமை முகத்திலும் சொல்லிலும் தெரிவது. காசு விஷயத்தில் காட்டினால் அதற்குப் பெயர் கறார், முதுநகரில் மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும். ‘கடிதோச்சி மெல்ல எறிக’ என்கிறது குறள் (562). ஓங்கும்போது பலமாக ஓங்கு, அடி மட்டும் மெல்ல விழட்டும். அரசனுக்குச் சொன்னதுதான், ஆனால் பிரம்புக்கும் பொருந்தும். என் காலத்து வாத்தியார்களில் பாதிப் பேர் முதல் சொல்லோடு குறளை மூடிவைத்துவிட்டார்கள்.

ஆகவே, எதை நினைத்து எழுதினாள் என்று மகளிடமே கேளுங்கள். வீட்டுப்பாடத்தை நினைத்து எழுதியிருந்தால் திருத்தம் சரி. திட்டு வாங்கியதை நினைத்து எழுதியிருந்தால் அவள் போட்ட சொல்தான் சரி. திருத்தியவரும் அதே ஆசிரியர்தான் என்றால், அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்பது உங்கள் பாடு.