தவழாமல் நடந்த குழந்தையை ஏறப் பழக்குவது எப்படி?

கேள்வி: என் மகனுக்கு 16 மாதம். அவன் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்ந்துகொண்டிருந்தான். 15-வது மாதத்தில் எழுந்து நடந்துவிட்டான். பக்கத்து வீட்டுக் குழந்தை சோபா, கட்டில் என்று எல்லாவற்றிலும் ஏறுகிறது. இவன் வாசற்படி வந்தாலே நின்று, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறான். தவழாததால்தான் இப்படியா? ஏற எப்படிப் பழக்குவது?

பதில் (குழந்தைகள் நல இயன்முறை மருத்துவர்): தவழாததை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு சுமார் 4 குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. தனியாக நடக்க அந்த ஆய்வு காட்டும் கால எல்லை ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை. உட்கார்ந்தே நகரும் பிள்ளைகள் பொதுவாகக் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள். உங்கள் மகன் 15-ல் நடந்தது நல்ல செய்தி. அப்பாவோ அத்தையோ சின்ன வயதில் இப்படித்தான் நகர்ந்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பல குடும்பங்களில் இது வழிவழியாக வருவது உண்டு.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில் தவழுதலே இல்லை. உதவியில்லாமல் சோபாவிலோ நாற்காலியிலோ ஏறி இறங்குவதை அது 18 மாதக் குழந்தைக்கான பட்டியலில் வைத்திருக்கிறது. ஆக, உங்கள் பையன் இன்னும் எதிலும் பிந்தவில்லை.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தவழும் குழந்தை மாதக்கணக்கில் இரண்டு காரியங்களைப் பழகுகிறது: உடம்பின் பாரத்தை உள்ளங்கையில் தாங்குவது, முட்டியை மடக்கி வயிற்றுப் பக்கம் இழுத்து வைப்பது. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தில் பாட்டுடைக் குழந்தை கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடுமே, அந்த நிலைதான். ஏறுவதற்கும் இவை இரண்டுமே தேவை. உட்கார்ந்து நகர்ந்த பிள்ளைக்கு இந்தப் பழக்கம் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை, இப்போது பழக்கினால் போதும்.

அவன் சோபா பக்கத்தில் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். மார்பைச் சாய்த்து, துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். முட்டி மேலே வராது. நடக்கிற மாதிரியே பாதத்தைத் தூக்குவான், விரல் நுனி சோபாவின் பக்கவாட்டில் உரசிச் சறுக்கும், உடனே உங்களைத் திரும்பிப் பார்ப்பான். இந்த நேரத்தில்தான் நாம் அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கி வைத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் முக்கியமான வேலையை அவனுக்குப் பதில் நாம் செய்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக அவனுடைய ஒரு முட்டியை மட்டும் மெதுவாக மடக்கி விளிம்பில் வையுங்கள். தரையில் இருக்கும் பாதத்துக்கு அடியில் உங்கள் உள்ளங்கையைப் படி போலக் கொடுங்கள். அதை உதைத்து அவனே மேலே போகட்டும். உதைக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வான், பேசாமல் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், ஆனால் அதில்தான் பலன் இருக்கிறது.

சோபாவில் ஏறப் பழக்குவதற்கு முன்பு, தரையில் தொடங்குவது நல்லது. மெத்தையை ஒரு மடிப்பு மடித்துப் போட்டால் அவன் முட்டி உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். அந்தப் பக்கம் அவனுக்குப் பிடித்த கிண்ணத்தையோ பந்தையோ வையுங்கள். அப்பா தரையில் படுத்துக்கொண்டால் அவர் வயிற்றின் மேல் ஏறி இறங்கட்டும், அதைவிட நல்ல பயிற்சிச் சாதனம் கடையில் கிடையாது. கட்டிலுக்கு அடியில் போன பந்தை எடுக்கவும், நாற்காலிக்கு அடியில் நுழைந்து வரவும் விட்டால் கையை ஊன்றாமல் முடியாது. தினமும் சில நிமிடம், வயிறு நிறைந்த உடனேயோ தூக்கக் கலக்கத்திலோ வேண்டாம். வெறும் காலோடு விடுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்கும்.

அப்புறம் மாடிப்படி. இரண்டு மூன்று படி மட்டும், நீங்கள் அவனுக்கு ஒரு படி கீழே, கைக்கெட்டும் தூரத்தில். கையும் முட்டியும் ஊன்றிப் படியேறுவதும் ஒருவகைத் தவழுதல்தான். விட்டுப்போன பயிற்சிக்கு இதுவே சரியான இடம். எழுந்து நின்று கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும் என்று இப்போதே அவசரப்படுத்தாதீர்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்வது இது: ஏறுவதோடு சேர்த்து, முடிந்தால் அதற்கும் முன்பே, இறங்கக் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் ஏறிவிடுவார்கள். இறங்கும்போது தலையை முன்னால் நீட்டித்தான் விழுவார்கள். விளிம்புக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக் குப்புறத் திருப்பி, "திரும்பு, காலை இறக்கு" என்று ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொட்டதும் விட்டுவிடலாம். கட்டிலிலிருந்து நீங்கள் இறக்கிவிடும் நேரத்தையெல்லாம் இதற்குப் பயன்படுத்தினால் தனிப் பயிற்சியே தேவைப்படாது.

தானாக ஏற முடியாத உயரத்தில் தூக்கி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் சறுக்கும், அதை ஓரங்கட்டுங்கள். ஜன்னலை ஒட்டியும் பால்கனிச் சுவரை ஒட்டியும் நாற்காலி இருக்கக் கூடாது. பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள், இழுப்பறையைப் படியாக்கி ஏறும் காலம் சீக்கிரமே வந்துவிடும். மாடிப்படிக்கு மேலும் கீழும் தடுப்புக் கதவு வேண்டும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்: எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, ஒரு காலை இழுத்து நடப்பது, கால்கள் விறைப்பாகவோ உடம்பு துவண்டோ இருப்பது, எந்நேரமும் நுனிக்காலில் நடப்பது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் போவது. 18 மாதம் ஆகியும் நடக்காத குழந்தைகளையும் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த தேதியிலிருந்து கணக்கிடாமல் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். போகும்போது, அவன் படியருகே என்ன செய்கிறான் என்பதை வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் குழந்தைகள் பெரும்பாலும் மடியை விட்டு இறங்க மாட்டார்கள்.